பாட்டனார் பெயர் என்ன?

இந்த வாரம் நேயர்களை ஒரு சின்னப் பரீட்சைக்கு உட்படுத்த விரும்புகிறோம். பயப்பட வேண்டாம். கணக்கும் இல்லை, பூகோளமும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: தங்கள் பாட்டனாருடைய பாட்டனாரின் பெயர் என்ன?

தகப்பனார் பெயர் எல்லாருக்கும் தெரியும். பாட்டனார் பெயரும் தெரியும். அநேகமாக வீட்டில் யாராவது ஒரு பையன் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு தெருவில் பம்பரம் விட்டுக் கொண்டிருப்பான். கொள்ளுப்பாட்டனாரின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் மோட்டுவளையைப் பார்க்க வேண்டியிருக்கும். அவருக்கும் மேலே போனால், "ஊரிலே பெரிய அத்தை இருக்கிறாள், அவளைக் கேட்டால் சொல்லுவாள்" என்று பதில் வரும். அந்தப் பெரிய அத்தையின் தாயார் யார், அந்தத் தாயாருக்குத் தாயார் யார் என்று பெண் வழியில் கேட்டுக்கொண்டு போனாலோ, பரீட்சையில் தேறுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதனால் நமக்கு ஒன்றும் குறைந்து போய்விடவில்லை என்றே நாம் இருந்து வருகிறோம். ஏனெனில், தேடினால் கிடைக்கும் என்ற தைரியம் நமக்கு இருக்கிறது. பரணையில் ஒரு பழைய பத்திரம் இருக்கும். இல்லாவிட்டால் ஊர்க் கோயில் கல்லில் ஒரு பெயர் இருக்கும். பூட்டி வைத்த பெட்டிக்குள் நகை இருக்கிறதென்று தெரிந்தால், அதைத் தினந்தோறும் திறந்து பார்க்கத் தோன்றாதல்லவா?

ஆனால் பெட்டியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறோம்.

* * *

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே வம்ச விருத்தாந்தம் தேடுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1620-ல் மேஃப்ளவர் என்னும் கப்பலில் வந்து இறங்கியவர்களின் சந்ததியார் என்று நிரூபிக்கக் கூடியவர்களுக்காக ஒரு சங்கம் உண்டு. சுதந்திர யுத்தத்தில் பணி புரிந்தவர்களின் வம்சத்தில் பிறந்த ஸ்திரீகளுக்கென்று 1890-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. முன்னோர் வந்த கப்பலின் பிரயாணிகள் ஜாபிதா, மாதாகோயில் பதிவு, வீட்டுப் பைபிளின் முதல் ஏட்டில் எழுதி வைத்த பிறப்பு இறப்புக் குறிப்பு — இப்படி அவர்களுக்கு ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஆதாரம் ஜனக்கணக்கு. 1790-ஆம் வருஷத்திலிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் அந்நாட்டில் ஜனக்கணக்கு எடுத்து வருகிறார்கள். 1840 வரையில் குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு மற்றவர்களைத் தலை எண்ணி விட்டுவிட்டார்கள். 1850-ல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய பெயரையும் எழுத ஆரம்பித்தார்கள்.

'ஒவ்வொருவர்' என்று சொன்னோம். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். சுதந்திரமாயிருந்த ஒவ்வொருவர் என்று வாசகர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அடிமைகளுக்கென்று 1850-லும் 1860-லும் தனி ஏடு போட்டார்கள். அந்த ஏட்டில் எஜமானின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே ஒரு வரிசை எண், வயது, ஆணா, பெண்ணா, நிறம் என்ன. அவ்வளவுதான். அடிமையின் பெயருக்கென்று அந்த ஏட்டில் இடமே கிடையாது. 1860-ஆம் வருஷக் கணக்கின்படி அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தவர்கள் சுமார் 39 1/2 லட்சம் பேர். 39 1/2 லட்சம் மனிதர்கள், வயதாகவும் நிறமாகவும் மட்டும் அந்த ஏடுகளில் இருக்கிறார்கள்.

உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தது. அந்த வருஷம் டிஸம்பர் மாதத்தில் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தம் அமுலுக்கு வந்து அடிமைத்தனம் ஒழிந்தது. அதற்குப் பின் 1870-ல் எடுத்த கணக்கில்தான் விடுதலை பெற்ற ஜனங்கள் முதல் தடவையாகப் பெயரும் குடும்பப் பெயருமாக எழுதப்பட்டார்கள். ஆகையால், இன்று அங்கே தம் முன்னோரைத் தேடும் கறுப்பு அமெரிக்கர் ஒருவர், தகப்பனார், பாட்டனார் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். 1870-க்கு வந்தவுடன் திடீரென்று முட்டிக்கொண்டு நிற்பார். வம்ச ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் 'சுவர்' என்றே சொல்லுகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கத்திலும் வழி அவ்வளவு சுலபமல்ல. 1890-ஆம் வருஷத்துக் கணக்கேடுகளில் மிகப் பெரும் பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த ஒரு தீயினாலும், தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரினாலும் பாழாய்ப் போய்விட்டது. ஆகவே 1880-ல் மடியில் இருந்த குழந்தையை 1900-ல் கலியாணமான பெண்ணாகத்தான் காணலாம். இடையே இருபது வருஷம் இருட்டு.

* * *

சுவர் என்று சொன்னோமே, அதை ஏறிக் குதிப்பதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் விசித்திரமான வழி. அடிமையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் எஜமானைக் கண்டுபிடிக்க வேண்டும்! மனிதருக்குப் பெயர் எழுதுவது அவசியமில்லை என்று ஸர்க்கார் நினைத்தது. சொத்துக்குப் பெயர் எழுதுவது அவசியம் என்று சொத்துக்காரன் நினைத்தான். எஜமானின் உயிலிலே, அவன் செத்த பிறகு எடுத்த ஆஸ்தி ஜாபிதாவிலே, கடனுக்கு ஈடு வைத்த பத்திரத்திலே, கோர்ட்டு நடவடிக்கையிலே, மாடு குதிரைகளுக்கும் மேஜை நாற்காலிகளுக்கும் நடுவே, ஒரு பெண்ணின் பெயரும் அவளுடைய இரண்டு குழந்தைகளின் பெயர்களும், எதிரே அவர்கள் விலையும் இருக்கும். தன்னுடைய பாட்டியின் பாட்டியை முதல் முதலாக அப்படி ஒரு பட்டியலில் காண்கிறவருடைய மனம் என்ன பாடுபடும்! சந்தோஷப்படுவதா, அழுவதா? இரண்டும் செய்கிறார்கள் என்றே தோன்றுகிறது. சில குடும்பங்களில், அந்தப் பட்டியலை எழுதி வைத்த எஜமானே முப்பாட்டனாகவும் இருந்தான் என்ற கசப்பான உண்மையும் வெளிப்படுகிறது.

விடுதலைக்குப் பிற்பட்ட காகிதங்களில் கொஞ்சம் கருணை உண்டு. விடுதலை பெற்றவர்களுக்கென்று 1865-ல் ஒரு சேமிப்பு பாங்கி ஏற்படுத்தினார்கள். அது 1874-ல் முறிந்துபோய், ஏழைகளின் பணத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது. ஆனால் பணம் போட வந்தவர் எங்கே பிறந்தவர், தாய் தந்தையர் யார், உடன் பிறந்தவர்கள் எங்கே, பழைய எஜமான் யார் என்றெல்லாம் அந்தப் பாங்கியின் குமாஸ்தாக்கள் பல கிளைகளில் கேட்டு எழுதி வைத்தார்கள். பாங்கி போய்விட்டது, பெயர்கள் மிஞ்சின. உள்நாட்டு யுத்தத்தில் வடக்கத்தியப் படையில் சேர்ந்து போர் புரிந்த கறுப்பர்கள் சுமார் 1,79,000 பேர். அவர்களுடைய விதவைகள் பென்ஷன் கேட்டபோது, "உன் கலியாணத்துக்குச் சாட்சி யார்?" என்று ஸர்க்கார் கேட்டது. அடிமைகளின் கலியாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லாததால் பத்திரம் ஏது? அண்டை அயலார் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த வாக்குமூலங்களில் குடும்பக் கதைகள் முழுசு முழுசாக இருக்கின்றன.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கும் நமக்கு இது சற்றுக் கர்வத்தையும், அதைவிட அதிகமாக வெட்கத்தையும் உண்டாக்குகிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலிருந்து வெளியான மெதடிஸ்ட் கிறிஸ்தவப் பத்திரிகை ஒன்றில் 1879-ல் 'தொலைந்த நண்பர்கள்' என்று ஒரு பத்தி ஆரம்பித்தார்கள். விற்கப்பட்டுப் பிரிந்து போன தாய், தம்பி, பெண்டாட்டி, பிள்ளை யாரையாவது தேடுகிறவர்கள் அதில் விளம்பரம் போடலாம். சந்தாதாரரல்லாதவருக்குக் கட்டணம் 50 ஸென்ட். தாயாரின் பெயர், தங்களை விற்றவன் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், தாம் அப்போது எத்தனை வயதுப் பிள்ளை என்ற விவரங்களை எழுதுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிரிமார்கள் இவற்றை மாதாகோயிலில் உரக்கப் படிப்பார்கள். விடுதலை வந்து பதினைந்து, இருபது வருஷங்கள் ஆன பிறகும், நரைத்த தலையுடன் தாயைத் தேடிய குழந்தைகள் அந்தப் பத்தியில் இருக்கிறார்கள். அதைவிடப் பிரயோஜனமான பத்தியை எந்தப் பத்திரிகைக்காரரும் எழுதியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

* * *

இனி ஒரு குடும்பத்தின் கதைக்கு வருவோம்.

வாஷிங்டன் நகரத்தில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு புகழ் பெற்ற கத்தோலிக்க சர்வகலாசாலை இருக்கிறது. 1789-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அதை நடத்திய இயேசு சபைப் பாதிரிமார்களுக்கு மேரிலாந்து மாகாணத்தில் பெரிய பெரிய பண்ணைகள் இருந்தன. பண்ணைகளில் உழைத்தவர்கள் அடிமைகள். 1838-ல் கலாசாலைக்குக் கடன் தொல்லை அதிகமாயிற்று. சபையின் மாகாணத் தலைவரான தாமஸ் மல்லிடி என்பவர், ஜூன் மாதம் 19-ந் தேதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 272 அடிமைகளை, லூசியானா மாகாணத்தின் முன்னாள் கவர்னர் ஹென்றி ஜான்ஸன், ஜெஸ்ஸி பேட்டி என்னும் இருவருக்கு 1,15,000 டாலருக்கு விற்பதென்பது ஒப்பந்தம். தலைக்குச் சராசரி 420 டாலருக்குச் சற்று மேல் ஆகிறது. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களுடைய மதாசாரத்துக்கு வசதி செய்ய வேண்டும், வரும் பணத்தைக் கடன் அடைக்க உபயோகிக்கக் கூடாது என்று ரோமாபுரியிலிருந்த தலைமைக் குரு நிபந்தனை போட்டிருந்தார். மூன்றும் காற்றில் பறந்தன. முதலில் வந்த 25,000 டாலரில் 17,000 டாலர் கலாசாலைக் கடனுக்கே போயிற்று.

ஒப்பந்தத்தில் முதல் பெயர், ஐஸக், வயது 65. அவருக்குப் பின்னால் அவருடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், அப்புறம் மற்றக் குடும்பங்கள். கைக்குழந்தைகளும் உண்டு. அந்த ஐஸக் ஹாக்கின்ஸுக்குக் கார்னீலியஸ் என்று ஒரு பேரன். பதின்மூன்று வயதுப் பையன்.

அந்த வருஷம் நவம்பரில், அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்திலிருந்து 'காதரின் ஜாக்ஸன்' என்னும் கப்பல் இவர்களில் ஒரு பெரிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, டிஸம்பரில் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது. அந்நிய நாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808 முதல் தடுத்திருந்தபடியால், உள்நாட்டுத் துறைமுகங்களுக்குள்ளே அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் ஒவ்வொருவருடைய பெயர், வயது, உயரம், நிறம் இவற்றைக் குறித்த ஜாபிதா ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்காகச் செய்த அந்த ஏற்பாடு, நூற்றெழுபது வருஷங்களுக்கு மேற்பட்டுப் பேரன் பேத்திகளுக்கு உபயோகப்படும் என்று அந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். 272 பேரும் லூசியானா போய்ச் சேர்ந்துவிடவில்லை. சிலர் ஓடித் தப்பினார்கள். சிலர் மேரிலாந்திலேயே நின்றுவிட்டார்கள். பையன் கார்னீலியஸ் போனான்.

போன இடம் ஐபர்வில் ஜில்லாவில் மாரிங்வின் என்னும் ஊருக்கு அருகே, ஜெஸ்ஸி பேட்டியின் பண்ணை. அந்தப் பிரதேசத்துப் பிரெஞ்சுப் பாஷையில் மாரிங்வின் என்றால் கொசு என்று அர்த்தம். ஊரின் லட்சணத்தைப் பெயரே சொல்லுகிறது. சில வருஷங்களில் பேட்டி இறந்து போனார். பண்ணையும் ஆட்களும் மறுபடியும் கை மாறினார்கள். அப்போது கார்னீலியஸுக்கு வயது 27. கணக்கில் போட்ட விலை 900 டாலர்.

அதற்குப் பின் 1870-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் அவரைக் காண்கிறோம். விலை இல்லை. மனைவி இருக்கிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள், கார்னீலியஸ் ஹாக்கின்ஸ் என்ற பெயர் இருக்கிறது. பண்ணையில் இருந்த காலத்தில் அருகே மாதாகோயில் இல்லாமல், குருவின் ஆசீர்வாதமின்றிக் கலியாணம் செய்துகொண்டவர் அவர். விடுதலைக்குப் பிறகு, தலைப்பிள்ளை பிறந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, மனைவியை அழைத்துக்கொண்டு போய்ப் பாதிரியார் முன்னிலையில் கலியாண உறுதியைப் புதுப்பித்துக் கொண்டார். தம்மை விற்ற பாதிரிமார்களின் மதத்தை அவர் விடவில்லை. அது அவருடைய தாய் தந்தையரின் மதமும் அல்லவா? விற்றவர்கள் போட்ட நிபந்தனையை விற்றவர்கள் காப்பாற்றவில்லை, விற்கப்பட்டவன் காப்பாற்றினான்.

இவையெல்லாம் சமீப காலம் வரையில் அவருடைய சந்ததியாருக்கே தெரியாது. லூசியானாவுக்குப் போனவர்கள் எல்லாரும் சதுப்பு நிலக் காய்ச்சலில் மாண்டு வம்சமற்றுப் போனார்கள் என்று கலாசாலையைச் சேர்ந்த சிலரிடையே ஒரு பேச்சு இருந்தது. அங்கே படித்த ரிச்சர்ட் செல்லினி என்பவருக்கு அது நம்பத் தகுந்ததாகப் படவில்லை. இத்தனை பேரும் அடியோடு மறைந்து போவதாவது? அவர் 2015-ல் வம்ச ஆராய்ச்சி நிபுணர்களை அமர்த்தித் தேடச் செய்தார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் என்னும் எழுத்தாளர் 2016 ஏப்ரலில் விஷயத்தை உலகறியச் செய்தார். அவரே 2023-ல் இது பற்றி ஒரு முழுப் புஸ்தகமும் வெளியிட்டார். தேடத் தேட, மாண்டு போனதாகச் சொல்லப்பட்டவர்களின் வம்சத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உயிரோடு இருப்பது தெரிய வந்தது.

அவர்களில் ஒருவர், மாரிங்வின் ஊரிலேயே வளர்ந்து பிற்காலத்தில் டெலிவிஷனில் செய்தி சொல்லும் வேலை பார்த்த ஓர் அம்மையார். தம்முடைய முன்னோர் மேரிலாந்துக்காரர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. விஷயம் தெரிந்ததும் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தேடினார். கல் இருந்தது. அதில் 'நீலி ஹாக்கின்ஸ்' என்ற பெயரும், 1902-ஆம் வருஷம் இறந்த தேதியும் இருந்தன. நீலி என்றால் நம் செவிக்கு வேறு அர்த்தம் தொனிக்கும். அங்கே அது கார்னீலியஸ் என்பதன் செல்லச் சுருக்கம். வீட்டார் கூப்பிட்ட பெயரையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

* * *

முன்னோரைத் தெரிந்துகொள்வது மனத் திருப்திக்குத்தானே, அதனால் வேறு பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். மேரிலாந்து அடிமைகளுக்கு அது ஒரு காலத்தில் சுதந்திரத்துக்கே ஆதாரமாயிருந்தது.

அடிமை நாட்டுச் சட்டத்தில், தாய் எந்த நிலையோ குழந்தையும் அந்த நிலை. ஆகையால், "என் தாய்வழிப் பாட்டிக்குப் பாட்டி சுதந்திரமான ஸ்திரீ" என்று நிரூபித்துவிட்டால் பேத்திக்கு விடுதலை. எலினார் பட்லர் என்னும் ஐரிஷ் வேலைக்காரி 1681-ல் சார்லஸ் என்ற கறுப்பு அடிமையைக் கலியாணம் செய்துகொண்டாள். அந்தக் குற்றத்துக்காக அவள் சந்ததி முழுவதும் அடிமையாயிற்று. 106 வருஷங்களுக்குப் பிறகு, 1787-ல், அவள் வம்சத்தில் வந்த மேரி பட்லர் மேரிலாந்துக் கோர்ட்டில் வழக்காடி வென்றாள். ஊர்க் கிழவர்கள் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டதைச் சொன்ன சாட்சியம் அந்தக் குடும்பத்துக்குத் துணையாயிருந்தது.

இதைக் கண்டு மற்றக் குடும்பங்களும் கோர்ட்டுக்கு வந்தன. மைமா குவீன் என்பவளும் தன் மகளுக்காகவும் தனக்காகவும் வந்தாள். அவளுக்காக வாதாடிய வக்கீல் பிரான்சிஸ் ஸ்காட் கீ. பிற்பாடு அமெரிக்க தேசிய கீதமாக ஏற்கப்பட்ட பாட்டை 1814-ல் எழுதியவர் அவரே. அவரிடமே அடிமைகள் இருந்தார்கள் என்பது அந்தக் காலத்து விநோதம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. காதால் கேட்டதைச் சொல்லுவது சாட்சியமாகாது என்று 1813-ல் தீர்ப்பாயிற்று. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வழியில்லாத ஒரு ஜனக்கூட்டம், காதால் கேட்டதைத் தவிர வேறு எதைக் கொண்டு தன் பாட்டியை நிரூபிக்கும்? காகிதம் எஜமானிடம் இருந்தது; ஞாபகம் அடிமையிடம் இருந்தது. காகிதந்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். குவீன், பட்லர் என்ற குடும்பப் பெயர்கள் 1838-ல் விற்கப்பட்டவர்களிடையேயும் இருந்தன என்பதைச் சொன்னால் போதும்.

ஆயினும் ஞாபகத்திலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அலெக்ஸ் ஹேலி என்னும் கறுப்பு எழுத்தாளர் 1976-ல் 'ரூட்ஸ்', அதாவது வேர்கள், என்ற புஸ்தகத்தை வெளியிட்டார். அடுத்த வருஷம் அது டெலிவிஷனில் நாடகமாக வந்து நாட்டையே உலுக்கியது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பாட்டிமார்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தது அந்தப் புஸ்தகத்தினால்தான். ஆனால் நிபுணர்கள் பின்னால் பழைய பதிவுகளோடு ஒத்துப் பார்த்தபோது, அந்தக் குடும்பக் கதையின் முற்பகுதி பல இடங்களில் பொருந்தவில்லை. ஆகையால்தான் அனுபவசாலிகள் சொல்லுகிறார்கள்: தன்னிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பின்னே போ, ஒரே பெயரைக் கண்டவுடன் "இவர்தான் என் பாட்டனார்" என்று கட்டிக்கொள்ளாதே, அண்டை வீட்டார் யார், உடன் பிறந்தவர்கள் யார் என்று பார், கணக்கெடுப்பவன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், ஆகையால் எழுத்துப் பிழையை மன்னித்துவிடு, விடுதலை பெற்ற எல்லாரும் கடைசி எஜமானின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணி ஏமாறாதே. இன்று உமிழ்நீரைப் பரிசோதித்து உறவினரைக் காட்டும் முறையும் வந்திருக்கிறது. அது தூரத்துத் தாயாதியைக் காட்டும். பாட்டியின் பெயரைச் சொல்லாது. பெயருக்குக் காகிதமும் வேண்டும், வாய்மொழியும் வேண்டும்.

* * *

ஜார்ஜ்டவுன் கலாசாலை பிறகு என்ன செய்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். மல்லிடியின் பெயர் தாங்கிய கட்டடம் ஒன்று அங்கே இருந்தது. 2017 ஏப்ரலில் அதற்கு ஐஸக் ஹாக்கின்ஸ் மண்டபம் என்று பெயர் வைத்தார்கள். ஒப்பந்தத்தின் முதல் பெயர் கட்டடத்தின் நெற்றிக்கு ஏறியது. விற்கப்பட்டவர்களின் சந்ததியாரை அழைத்து, பாதிரிமார்களின் தலைவர் ஒருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். 2019-ல் மாணவர்கள் வோட்டெடுத்து, ஒவ்வொரு பருவத்திலும் ஆளுக்கு 27 டாலர் 20 ஸென்ட் கட்டணம் கொடுத்து அந்தச் சந்ததியாருக்கு உதவ வேண்டுமென்று பெருவாரியாகத் தீர்மானித்தார்கள். 272 என்ற எண்ணை நினைவில் வைத்தே அந்தத் தொகை. கலாசாலை அதிகாரிகள் அதை அப்படியே ஏற்காமல், வருஷத்துக்கு 4 லட்சம் டாலர் திரட்டுவதாகச் சொன்னார்கள். 2021-ல் இயேசு சபையார் சந்ததியாருடன் சேர்ந்து அமைத்த ஒரு ஸ்தாபனத்துக்குப் பத்துக் கோடி டாலர் திரட்டுவதாக வாக்களித்தார்கள். இது போதுமா என்பது பற்றிச் சந்ததியாருக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. போதும் என்று சொல்ல நாம் யார்? எத்தனை கோடி கொடுத்தாலும் 13 வயதுப் பையனைக் கப்பலிலிருந்து இறக்கிவிட முடியாது. ஆனால் அவன் இன்னான், இன்னாருடைய பேரன், இன்னாருக்குப் பாட்டன் என்று இன்று சொல்ல முடிகிறது. அடிமை ஏடு யாரைப் பெயரில்லாதவர் என்று எழுதியதோ அவருக்கு அந்த அளவில் ஒரு தீர்ப்புக் கிடைத்துவிட்டது.

பரீட்சை என்று ஆரம்பித்தோம். அதற்கு மார்க்கு போடும் உத்தேசம் நமக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மாரிங்வின் ஊரில் அந்த அம்மையாருக்குக் கிடைத்தது ஒரு கப்பல் ஜாபிதா, ஒரு விலைக் கணக்கு, ஒரு ஜனக்கணக்கு ஏடு, ஒரு கலியாணப் பதிவு, ஒரு கல். ஐந்து துண்டுகளைச் சேர்க்க ஊரெல்லாம் தேட வேண்டியிருந்தது. நம் வீடுகளில் பெரிய அத்தை இன்னும் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையை இடித்துக்கொண்டிருக்கிறாள். இன்று இரவு சாப்பாடு ஆனதும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்காருங்கள். முதலில் அவளுடைய தாயாரின் பெயரைக் கேளுங்கள். "அதெல்லாம் இப்போது எதற்கடா?" என்பாள். எழுதிக்கொள்ளத்தான் என்று சொல்லுங்கள்.